மைக்ரோ-குரூவ் குழலில் வார்த்த ஈயம்: ஒரு மார்லின் 336 போட்டிக்குத் தயாரான விதம்

அமெரிக்கத் துப்பாக்கி மைதானங்களில் பல காலமாக ஒரு பேச்சு உண்டு. மார்லின் நிறுவனத்தின் மைக்ரோ-குரூவ் குழலில் (ஆழம் குறைந்த முறுக்குப் பள்ளங்கள் உள்ள குழல்) வார்த்த ஈயக் குண்டு வேலைக்கு ஆகாது, குழல் முழுக்க ஈயம் ஒட்டும், குறி சிதறும், செம்பு உறை போட்ட குண்டுதான் ஒரே வழி என்பார்கள். சொல்பவர்களில் பாதிப் பேர் சுட்டுப் பார்த்தவர்கள்தான். அவர்கள் கண்டது உண்மை. அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் தவறு. பென்சில்வேனியாவில் இருக்கும் என் நண்பர் ஒருவரின் மார்லின் 336 என்ற லீவர் துப்பாக்கியை (கீழேயுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றி அடுத்த தோட்டாவைப் போடும் வகை) ஒரு குளிர்காலம் முழுக்கப் பிரித்து, அளந்து, மாற்றிப் பார்த்ததில் இது எங்களுக்குத் தெளிவானது. ஒரே ஒரு துப்பாக்கியின் கதை என்றாலும், 30-30 என்ற தோட்டாவைச் சுடும் மார்லின் வைத்திருக்கும் யாருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முன்கூட்டியே ஒன்று. இங்கே எழுதுவது எல்லாம் அமெரிக்கச் சூழலில் நடந்தது. அங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்புவது பரவலான பொழுதுபோக்கு. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கவும் உரிமம் வேண்டும், தோட்டா தயாரிக்கவும் உரிமம் வேண்டும். ஊரில் இருந்து படிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போட்டி கேட்பது என்ன

நண்பர் குறி வைத்திருந்தது லீவர் ஆக்‌ஷன் சில்லவெட் போட்டி. இரும்புத் தகட்டில் வெட்டிய நான்கு உருவங்கள்: கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக் கிடா. விளையாட்டு மெக்சிகோவில் பிறந்தது. அதனால் அமெரிக்காவிலும் பழைய ஆட்கள் கல்லினா, ஹவலீனா, குவாஹலோத்தே, பொர்ரேகோ என்று ஸ்பானிஷ் பெயரிலேயே சொல்வார்கள். பெரிய ரைபிள் பிரிவில் கோழி 200 மீட்டரிலும் கிடா 500 மீட்டரிலும் நிற்கும். கௌபாய் லீவர் பிரிவில் தூரம் குறைவு: 50, 100, 150, 200 மீட்டர். தூரம் குறைந்ததால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். தொலைநோக்கிக் குறி கிடையாது, வெறும் இரும்புக் குறிதான். நின்றுகொண்டே, எதன் மீதும் சாயாமல் சுட வேண்டும். ஐந்து உருவங்களை இடமிருந்து வலமாக, வரிசை மாறாமல், இரண்டு நிமிடத்துக்குள் சுட வேண்டும். பட்டால் போதாது, விழ வேண்டும். அசைந்துவிட்டு நிற்கும் கிடாவுக்கு மதிப்பெண் கிடையாது.

இந்தக் கடைசி விதிதான் குண்டின் தேர்வை முடிவு செய்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

துப்பாக்கி வந்து சேர்ந்த நிலை

336 மாடல் 1948-இல் வந்தது. அதன் வேர் 1893-ஆம் ஆண்டு மார்லினில் இருக்கிறது. மேல்பக்கம் மூடிய உடல், வெற்றுக்கூடு பக்கவாட்டில் வெளியேறும் அமைப்பு. போட்டியாளரான வின்செஸ்டர் 94-ஐவிட இது எனக்குப் பிடிக்க ஒரு சாதாரணக் காரணம் உண்டு. லீவரின் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் லீவர் வரும், அதன் பின் போல்ட் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் உருளை) கையோடு வந்துவிடும், குழலைப் பின்பக்கமிருந்து சுத்தம் செய்யலாம். ஈயம் சுடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

நண்பர் வாங்கியது 20 அங்குலக் குழல் உள்ள, கைமாறி வந்த துப்பாக்கி. கனெக்டிகட்டின் நார்த் ஹேவன் ஆலையில் செய்தது. மார்லின் 2007-இல் ரெமிங்டன் கைக்குப் போய், சில வருடங்களில் அந்த ஆலை மூடப்பட்டு, 2020-இல் ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கியது. அதனால் பழைய நார்த் ஹேவன் துப்பாக்கிகளுக்கு இப்போது தனி மவுசு.

செம்பு உறைத் தோட்டாவில் 100 கெஜத்தில் குறிப்பிடும்படி மோசமில்லை. முதல் மூன்று குண்டுகள் நெருக்கமாக விழும். அதற்குப் பின் குழல் சூடேற ஏற, குறி மேலே நகரத் தொடங்கும். கடையில் வாங்கிய வார்ப்புக் குண்டு போட்டபோது நிலைமை வேறு. ஒரு கை அகலத்துக்குச் சிதறியது. போல்ட்டைக் கழற்றி வெளிச்சம் அடித்துப் பார்த்தால், தோட்டா அமரும் அறைக்கு முன்னால் நாலைந்து அங்குல நீளத்துக்குச் சாம்பல் நிறப் பூச்சு.

ஈயம் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைக் கவனிப்பது முக்கியம். வாய்ப்பக்கத்தில், கடைசி அங்குலங்களில் ஒட்டியிருந்தால் குண்டில் தடவிய மெழுகு போதாமல் வழியில் தீர்ந்துவிட்டது என்று பொருள். அறைக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தால், பெரும்பாலும் குண்டு குழலை அடைக்கவில்லை. வெடித்த வாயு குண்டுக்கும் குழல் சுவருக்கும் இடையே புகுந்து, அதன் விளிம்பை அரித்துக்கொண்டு முன்னால் ஓடுகிறது. அரிபட்ட ஈயம்தான் சுவரில் படிகிறது.

அளவெடுத்தது

மைக்ரோ-குரூவ் 1953 வாக்கில் மார்லின் கொண்டுவந்த முறுக்குப் பள்ள அமைப்பு. வழக்கமான குழலில் நான்கு அல்லது ஆறு ஆழமான பள்ளங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 4 தவ் ஆழம். தவ் என்றால் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, லேத் பட்டறையில் புழங்கும் அளவு. மைக்ரோ-குரூவில் பள்ளங்கள் நிறைய, ஆழம் குறைவு. 30-30 குழலில் 12 பள்ளங்கள், ஆழம் இரண்டு தவ் சுற்றுவட்டாரம். செம்பு உறைக் குண்டை அதிகம் உருக்குலைக்காமல் சுழற்றுவதுதான் நோக்கம். அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

குழலின் உள்ளளவை அறிய ஈயத் துண்டு தட்டுவதைத் தவிர நேர்மையான வழி இல்லை. குழலைச் சுத்தமாகத் துடைத்து, லேசாக எண்ணெய் விட்டு, குழல் அளவைவிடச் சற்றுப் பெரிய சுத்த ஈய உருண்டையை வாயில் வைத்து, நைலான் சுத்தியால் உள்ளே இறக்கினோம். பிறகு பித்தளைத் தண்டால் மெதுவாகத் தள்ளினோம். இதில் அளவு பாதி, கை உணர்வு மீதி. துண்டு எங்கே சுலபமாகப் போகிறது, எங்கே பிடிக்கிறது என்பது தண்டு வழியாகக் கைக்குத் தெரியும். பின்குறி பொருத்தும் வெட்டுக்குக் கீழே லேசான பிடிப்பு இருந்தது. மற்ற இடங்களில் ஒரே சீர். வாய்ப்பக்கம் தளர்ந்திருந்தால் குழலையே மாற்ற யோசித்திருப்போம். அப்படி எதுவும் இல்லை.

பள்ளங்கள் இரட்டைப்படை எண்ணிக்கை என்பதால் மைக்ரோமீட்டரில் அளப்பது எளிது, எதிரெதிர் பள்ளத்தின் தடம் நேராகச் சிக்கும். பள்ளத்துக்குப் பள்ளம் 0.3085 அங்குலம். மேட்டுக்கு மேடு (பள்ளங்களுக்கு இடையே உயர்ந்து நிற்கும் பகுதி) 0.3035. அடுத்து அறையின் வார்ப்பு. இதற்கு செர்ரோசேஃப் என்ற உலோகக் கலவை உண்டு. கொதிநீரின் சூட்டுக்குக் கீழேயே உருகிவிடும். அறையில் ஊற்றி, இறுகியதும் எடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் அறையின் உண்மை அளவு கிடைக்கும். குழல் தொடங்கும் தொண்டைப் பகுதி 0.3105 என்று வந்தது.

கடையில் வாங்கிய வார்ப்புக் குண்டு? 0.308. அட்டைப்பெட்டியில் 30 காலிபர் என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

இங்கேதான் அந்தப் பழைய பேச்சின் உண்மை இருக்கிறது. ஆழமான பள்ளமுள்ள குழலில் அரை தவ் சிறிய குண்டுகூட ஏதோ ஒப்பேற்றிக்கொண்டு போகும், மேடுகள் ஆழமாகப் பிடித்துக்கொள்ளும். ஆழமில்லாத குழலில் அந்த மன்னிப்பு இல்லை. குறைந்த அளவுள்ள ஈயத்தை மேடுகள் மேலோட்டமாகத்தான் பிடிக்கும், வழுக்கிவிடும், வாயு தப்பும். ஆக, குறை குழலில் இல்லை. குழல் கேட்பது பெரிய குண்டு. பள்ள அளவைவிட ஒன்று முதல் இரண்டு தவ் கூடுதல் என்பது வார்ப்புக் குண்டுக்காரர்களின் பழைய விதி. 0.3085-க்கு 0.310 சரியாகப் பொருந்தியது, தொண்டைக்கும் இடம் இருந்தது. 44 மேக்னம் தோட்டா சுடும் மார்லின்களிலும் இதே கதைதான். 0.429 குண்டு தளர்வாகத் திரிந்துகொண்டிருக்கும் குழலில் 0.432 போட்டவுடன் பலருக்குத் துப்பாக்கியே மாறிவிட்டது போல் ஆகும்.

அச்சும் கலவையும்

குண்டின் தேர்வுக்கு மூன்று நிபந்தனைகள். முதலாவது பாதுகாப்பு. குழாய் வடிவ மேகஸினில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக, ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரை (அடித்தால் தீப்பற்றும் சிறு மூடி) தொட்டபடி படுத்திருக்கும். கூர்மூக்குக் குண்டு போட்டால் அதிர்வில் முன்னால் இருப்பது வெடிக்கும் வாய்ப்பு உண்டு. தட்டை மூக்கு அவசியம். இரண்டாவது, கிடா விழ வேண்டும். மூன்றாவது, அந்தத் தளர்வான மேட்டு அளவுக்குள் மூக்கு ஆடாமல் உட்கார வேண்டும்.

லைமன் 311041 என்ற அச்சு 30-30-க்காகவே பிரபலமானது. தட்டை மூக்கு, அடியில் செம்புக் கிண்ணம் மாட்ட இடம், எடை கலவையைப் பொறுத்து 173 கிரெயின் (குண்டை எடைபோடும் சிறு அலகு) பக்கம். நொடிக்கு 1,800 அடி வேகத்தில் புறப்பட்டால் 200 மீட்டரில் சுமார் 1,300 அடி மிஞ்சும். 150 கிரெயின் குண்டை அதே விசையில் சற்று வேகமாக அனுப்பலாம்தான். ஆனால் இரும்பைத் தள்ளிச் சாய்ப்பது எடை பெருக்கல் வேகம். கனமான குண்டு தூரத்தில் தன் வேகத்தையும் நன்றாகக் காப்பாற்றும். கிடாவுக்கு நான் எப்போதும் கனமான பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் மூன்றாவது நிபந்தனையில் சிக்கல். இந்த வகை அச்சுகளில் மூக்கு, வழக்கமான 0.300 மேட்டு அளவை மனதில் வைத்து வெட்டியது. நண்பரின் அச்சில் விழுந்த குண்டின் மூக்கு 0.301. குழலின் மேடு 0.3035. இரண்டரை தவ் இடைவெளியில் மூக்கு சாய்ந்தபடி குழலுக்குள் நுழையும். உடல் பகுதி இறுகப் பிடித்தாலும், சாய்ந்து நுழைந்த குண்டு சாய்ந்தே வெளியே போகும். இதற்குத் தீர்வு பூச்சில் கிடைத்தது, கீழே சொல்கிறேன்.

கலவைக்கு லைமன் 2-ஆம் எண் கலவையை எடுத்தோம்: ஈயம் 90 சதவீதம், வெள்ளீயம் 5, ஆன்டிமனி 5. கடினம் பிரினெல் அளவில் 15 சுற்றுவட்டாரம். இதைவிடக் கடினமானது லைனோடைப், பழைய அச்சகங்களில் வரி வார்த்த கலவை, 22 வரும். கடினம் கூடினால் நல்லது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது பாதி உண்மைதான். பின்னிருந்து தள்ளும் அழுத்தத்துக்குக் குண்டு லேசாகப் புடைத்து குழலை அடைக்க வேண்டும். பிரினெல் எண்ணை 1,422-ஆல் பெருக்கினால் எந்த அழுத்தத்தில் அந்தக் கலவை இளகத் தொடங்கும் என்று தோராயமாகத் தெரியும். 15-க்கு 21,000 பி.எஸ்.ஐ.க்குச் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) சற்று மேல். 30-30-இன் உச்ச வரம்பு 42,000. நாம் சுடும் மிதமான தோட்டா இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். கூடுதல் அழுத்தத்தைத் தாங்க அடியில் செம்புக் கிண்ணம் இருக்கிறது. கடையில் வாங்கிய கடினக் குண்டு சிறிதாகவும் இருந்தது, புடைக்கவும் மறுத்தது. இரண்டும் சேர்ந்துதான் குழலைச் சாம்பலாக்கியது.

டயரில் ஒட்டும் ஈய எடைகளைப் பொறுக்கி உருக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது அவற்றில் துத்தநாகம் கலந்து வருகிறது. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும், ஈயம் 327-இல். பாத்திரத்தை அதிகம் சூடாக்காமல் வைத்திருந்தால் துத்தநாகத் துண்டு மேலே மிதக்கும், வழித்து எறியலாம். கலந்துவிட்டால் அந்தப் பாத்திரம் முழுதும் வீண், அச்சு நிறையவே நிறையாது.

வார்ப்பு வேலையை நண்பரின் கார் கொட்டகைக் கதவைத் திறந்துவைத்து, மின்விசிறி வெளிப்பக்கம் பார்த்து ஓட, செய்தோம். பாத்திரம் 370 டிகிரி. அச்சு சூடாகும்வரை விழுகிற குண்டுகள் எல்லாம் சுருக்கம் விழுந்து, ஓரம் மழுங்கி வரும். கல் காயாமல் ஊற்றிய முதல் தோசையைப் போல அவற்றை ஒதுக்கிவிட வேண்டியதுதான், திரும்பப் பாத்திரத்துக்கே போகும். அச்சு சூடேறியதும் ஒரு தாளம் வந்துவிடும். ஊற்று, மேல்தகட்டில் மிஞ்சி நிற்கும் ஈயம் பளபளப்பு இழந்து மங்கும்வரை பொறு, மேல்தகட்டைத் தட்டு, அச்சைத் திற. குண்டு ஈரத் துணியில் விழும்போது 'சொத்' என்று ஒரு சத்தம். மேலே நிற்கும் ஈயம் மங்குவதற்கு மூன்று நான்கு நொடி பிடித்தால் அச்சின் சூடு சரி. அதற்கு மேல் நேரம் எடுத்துக் குண்டு முழுக்க வெள்ளைப் பூத்தால் அச்சு கொதிக்கிறது, கொஞ்சம் ஆறவிட வேண்டும். ஈரத் துணி பாத்திரத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும் என்பதில் நண்பர் பிடிவாதம், அது நியாயமான பிடிவாதம். ஒரு சொட்டுத் தண்ணீர் உருகிய ஈயத்துக்குள் மாட்டினால் நொடியில் நீராவியாகி பாத்திரத்தையே மேலே வாரி இறைக்கும். முகத்துக்குக் கண்ணாடி, தோல் கையுறை, வேலை முடிந்ததும் சாப்பாட்டைத் தொடுவதற்கு முன் கையைத் தேய்த்துக் கழுவுவது. இதில் சலுகையே கிடையாது.

பூச்சு

வழக்கமான மெழுகு, தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்ற மசகுப் பொருளும் பாதிப் பாதி. பல பத்தாண்டுகளாக நல்ல பெயர் எடுத்த கலவை, அதில் குறையில்லை. நாங்கள் பவுடர் கோட்டிங் பக்கம் போனதற்குக் காரணம் மேலே சொன்ன மூக்கு. இரும்புச் சாமான்களுக்கு அடிக்கும் அதே பவுடர்தான். பிளாஸ்டிக் டப்பாவில் குண்டு, பவுடர், கொஞ்சம் பிளாஸ்டிக் மணிகள் போட்டு நன்றாகக் குலுக்கினால் உராய்வில் பிறக்கும் மின்னேற்றத்தால் பவுடர் ஒட்டிக்கொள்ளும். பிறகு 200 டிகிரி அடுப்பில் 20 நிமிடம். அந்த அடுப்பில் அதற்குப் பின் ரொட்டி சுடக் கூடாது, அதற்கென்றே ஒரு பழைய அடுப்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

பூச்சு குண்டின் விட்டத்தை இரண்டு தவ்வுக்கும் கொஞ்சம் மேலே ஏற்றியது. 0.301 மூக்கு 0.303-ஐத் தாண்டியது. குழலின் மேடுகள் இப்போது மூக்கை லேசாக வருடிக்கொண்டு போகும். உடல் பகுதியும் பருத்தது. செம்புக் கிண்ணம் மாட்டி, 0.310 டை (அளவுபடுத்தும் உலோகத் துளை) வழியாகத் தள்ளியதும் உடல் சரியான அளவுக்கு வந்தது, மூக்கு பருத்தபடியே நின்றது. அச்சை மாற்றாமல், வெட்டாமல், மூக்கின் அளவு சரியாகிவிட்டது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

தோட்டா

வெடிமருந்தின் எடையை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு துப்பாக்கிக்குப் பாதுகாப்பான அளவு அடுத்ததற்கு அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. அச்சிட்ட லோடிங் கையேட்டில் அதே எடைக் குண்டுக்குக் கொடுத்திருக்கும் தொடக்க அளவிலிருந்துதான் யாரும் ஆரம்பிக்க வேண்டும். மருந்து வகை பற்றிச் சொல்லலாம். ஐ.எம்.ஆர். 4198, ரீலோடர் 7 போன்ற நடுத்தர வேகத்தில் எரியும் மருந்துகள் இந்த எடைக்கும் வேகத்துக்கும் ஒத்துப்போகும்.

வேகத்தைத் தீர்மானிப்பதில் குழலின் முறுக்கு குறுக்கே வரும். மார்லின் 30-30 குழல் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, வின்செஸ்டர் 94-இல் 12-க்கு ஒன்று. 1,800 அடி வேகத்தில் மார்லின் குண்டு நிமிடத்துக்கு 1,29,600 முறை சுழலும், வின்செஸ்டரில் 1,08,000. வார்த்த குண்டில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழி, லேசான கோணல் எப்போதும் இருக்கும். சுழற்சி கூடக் கூட அந்தக் குறை பெரிதாக வெளிப்படும். 1,20,000-க்கு மேல் எச்சரிக்கை என்று ஒரு சாராரும், நல்ல குண்டுக்கு எல்லையே இல்லை என்று இன்னொரு சாராரும் வாதாடிக்கொண்டே இருக்கிறார்கள். இந்தத் துப்பாக்கியில் 1,800-க்கு மேல் ஏற்றியதும் வட்டம் விரிந்தது, 1,750-க்கும் 1,800-க்கும் இடையில் நெருக்கமாக இருந்தது. கிடா விழ அது போதும், நாங்கள் அங்கேயே நின்றுவிட்டோம்.

அப்புறம் பித்தளைக் கூடு. 30-30 கூட்டின் அடியில் விளிம்பு உண்டு, அறையில் தோட்டா நிற்பது அந்த விளிம்பை ஆதாரமாகக் கொண்டு. மார்லினின் போல்ட் பின்பக்கம் பூட்டுவது. சுடும்போது லேசாக அமுங்கி நீளும். இரண்டும் சேர்ந்து கூட்டின் தோள் முன்னால் தள்ளப்படும். ஒவ்வொரு முறையும் தோளை முழுதாகப் பின்னுக்குத் தள்ளி அளவுபடுத்தினால் கூடு அடிப்பக்கத்தில் மெலிந்து சீக்கிரம் விரிசல் விடும். அதனால் டையைச் சற்று மேலே ஏற்றி, தோள் அறையில் தொட்டும் தொடாமல் நிற்கும்படி வைத்தோம். கூட்டின் ஆயுளும் கூடியது, தோட்டாவும் அறையில் நேராக உட்கார்ந்தது. கூட்டின் வாயை லேசாக மணிபோல விரித்துவிட்டுக் குண்டை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயின் விளிம்பு பூச்சைச் சீவிவிடும். மேகஸின் ஸ்பிரிங் அழுத்தத்தில் குண்டு உள்ளே போகாதபடி வாயை மடித்துப் பிடிக்கவும் வேண்டும். அந்த மடிப்பு எல்லாக் கூட்டிலும் ஒரே மாதிரி விழ, கூடுகள் எல்லாம் ஒரே நீளத்தில் வெட்டியிருக்க வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் இதை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

துப்பாக்கியில் கைவைத்தது

சூடேறினால் குறி ஏறுவதற்குக் காரணம் குழலில் தொங்கும் சாமான்கள். 336-இல் குழலுக்குக் கீழே மேகஸின் குழாய், முன்கட்டை, இவற்றைக் குழலோடு இறுக்கிக் கட்டும் இரண்டு வளையங்கள். குழல் சூடாகி நீள்கிறது, குழாய் நீளவில்லை. ஒன்றையொன்று இழுக்க, குழல் வளைகிறது. போதாததற்கு, சுடச் சுட மேகஸினில் தோட்டா குறைந்து எடையும் மாறுகிறது.

துப்பாக்கிப் பட்டறைக்காரர் செய்தது சின்னச் சின்ன விஷயங்கள். முன்கட்டையின் உட்புறம் குழலை எங்கே தொடுகிறது என்று மை தடவிப் பார்த்து, தொட்ட இடங்களைச் சுரண்டினார். வளையங்களின் உள்விட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தி, திருகை இறுக்கினாலும் குழாய் குழலை நெருக்காதபடி செய்தார். மேகஸின் குழாய் முன்னும் பின்னும் ஒரு மயிரிழை நகர இடம் விட்டார். வெளியே இருந்து பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. பாரம்பரியத் தோற்றத்தைக் கெடுக்காத வேலைகளே இந்தப் பிரிவின் மனசுக்கு ஒத்தவை. விதிப்புத்தகம் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும், எதையும் வெட்டுவதற்கு முன் படித்துப் பார்த்துவிட வேண்டும்.

டிரிகர்: மார்லின் டிரிகர் விரல் படாதபோது முன்னும் பின்னும் ஆடும், இழுப்பும் கனம். ஆட்டத்தை நீக்கும் மாற்று டிரிகர் கடைகளில் கிடைக்கிறது. அதைப் போட்டபின் இழுப்பு மூன்றரை பவுண்டு. சுத்தியின் பாதுகாப்புப் பல் சரியாகப் பிடிக்கிறதா, லீவர் முழுதும் மூடாமல் டிரிகர் வேலை செய்யாமல் இருக்கிறதா என்பதைப் பட்டறைக்காரர் திரும்பத் திரும்பச் சோதித்தார். இது வீட்டில் அரம் வைத்துச் செய்யும் வேலையே இல்லை.

குறி: தொழிற்சாலைப் பின்குறியை எடுத்துவிட்டு, உடலின் பின்பக்கம் துளைக்குறி பொருத்தினோம். இரண்டு குறிகளுக்கும் இடையே தூரம் சுமார் 26 அங்குலம் ஆனது. அந்தத் தூரத்தில் குறி ஒரு தவ் தவறினால் 200 மீட்டரில் எட்டு மில்லிமீட்டர்தான் தவறும். 50 மீட்டர்க் கோழியிலிருந்து 200 மீட்டர்க் கிடாவுக்குப் போக இந்தத் தோட்டாவுக்குப் பத்து நிமிடக் கோணம் (ஒரு நிமிடம் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பக்கம் உயர்த்த வேண்டும், குறியில் அது 75 தவ் நகர்வு. நண்பர் நான்கு தூரத்துக்கும் உரிய அளவைக் கட்டையின் இடப்பக்கம் ஒரு சின்னத் தாளில் எழுதி ஒட்டிக்கொண்டார்.

விளைவு

மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்டபோது, 100 கெஜத்தில் ஐந்து குண்டுகள் இரண்டு அங்குலத்துக்குள் நின்றன. நல்ல நாளில் அதற்கும் உள்ளே. மேசையில் தாங்கி வைத்தே போட்டியிடும் பெஞ்ச்ரெஸ்ட் வார்ப்புக் குண்டுக்காரர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. 1976-இல் தொடங்கிய காஸ்ட் புல்லட் அசோசியேஷன் போட்டிகளில் போல்ட் ரைபிள்கள் இதில் பாதிக்கும் கீழே சாதாரணமாக வரும். இரண்டாகப் பிரிந்த கட்டை, பின்பூட்டு, தொங்கும் குழாய் உள்ள லீவர் துப்பாக்கிக்கு, இரும்புக் குறியில், இது முழுமையாக வேலை செய்யும் அளவு. அதைவிட முக்கியம், பத்துக் குண்டு தொடர்ந்து சுட்டாலும் குறி மேலே ஏறுவது நின்றது. போல்ட்டைக் கழற்றி வெளிச்சம் அடித்தால் குழல் சுத்தம். அறைக்கு முன்னால் இருந்த சாம்பல் திரும்ப வரவேயில்லை.

போட்டியில் கிடாக்கள் நன்றாக விழுந்தன. வயிற்றில் பட்டாலும் சாய்ந்தன. நிற்க வைத்தவை மிகக் குறைவு, அவையும் காலில் பட்டவை. வான்கோழிதான் இன்னும் மதிப்பெண்ணைத் தின்கிறது. 150 மீட்டரில், ஒடுங்கிய உடலோடு நிற்கும் அந்த உருவத்தை நின்றபடி அடிப்பது துப்பாக்கியின் பிரச்சினை இல்லை. அதற்கு நண்பர் தினமும் மாலையில் வீட்டில் காலித் துப்பாக்கியைத் தூக்கி, சுவரில் ஒட்டிய கருப்புப் புள்ளியைக் குறிவைத்து டிரிகர் பழகுகிறார். அதுதான் சரியான மருந்து.

தீராமல் இருப்பது ஒன்று. சுத்தமான, எண்ணெய் துடைத்த குழலிலிருந்து வரும் முதல் குண்டு மற்றவற்றிலிருந்து விலகி விழுகிறது. மதிப்பெண் இல்லாத சைட்டர் (சோதனை) சுற்று இருந்தால் அதில் தீர்த்துவிடலாம், இல்லாத நாளில் முதல் கோழி போய்விடும். இப்போதைக்கு, போட்டிக்கு முந்தின பயிற்சியில் சுட்டபின் குழலைத் தேய்க்காமல் விட்டு, போட்டி முடிந்ததும் சுத்தம் செய்கிறார். அடுத்த குளிர்காலத்துக்கு 0.303 மூக்கோடு வெட்டிய புது அச்சு ஒன்றைச் சொல்லிவைத்திருக்கிறார். அது வந்தால் பூச்சு இல்லாமல் பழைய ஆலாக்ஸ் மெழுகோடு சுட்டு, முதல் குண்டு விலகுவது பூச்சாலா, குழலாலா என்று பார்க்க வேண்டும்.